குடம் போய்ச் சைக்கிள் வந்தது!

தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களுக்கு ஒரு காலத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. விடிவதற்குள் எழுந்து, இடுப்பில் குடத்தையும் தோளில் துவைக்கிற துணியையும் வைத்துக்கொண்டு, "ஆத்துக்குப் போயிட்டு வாரேன், அத்தை!" என்று ஒரு குரல் கொடுத்தால் முடிந்தது காரியம். மாமியார் மறுக்க முடியாது. வீட்டுக்குத் தண்ணீர் வேண்டுமே! படித்துறையில் நாலு சிநேகிதிகள் வருவார்கள். மஞ்சள் பூசிக் குளித்து, மனத்தில் கிடந்ததையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு, குடம் கனக்க மனம் லேசாக வீடு திரும்பலாம்.

பிறகு குழாய் வந்தது. நல்லதாயிற்று. நிறைகுடத்தின் கனம் அதைச் சுமந்த இடுப்புக்குத்தான் தெரியும்; குழாயை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் குழாய் வந்த கையோடு ஒன்று நம்மை விட்டுப் போயிற்று. ஆற்றுக்குப் போவதற்கு இருந்த சாக்கு!

திருநெல்வேலி டவுணில் குடியிருக்கும் சகோதரிகளே, நீங்கள் கடைசியாக ஆற்றைப் பார்த்தது எப்போது என்று கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். பஸ்ஸில் பாலம் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

போன சாக்கை மறுபடியும் சம்பாதித்துக் கொள்ள ஒரு வழி உண்டு. அதற்குச் சைக்கிள் என்று பெயர்.

"நல்ல கதை! இந்த வயதில் சைக்கிளா?" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. முதலில் எழுந்து போய் உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் எட்டிப் பாருங்கள். பழைய பேப்பர் கட்டுக்கும் உடைந்த மின்விசிறிக்கும் நடுவே ஒரு சைக்கிள் நிற்கிறதல்லவா? அது உங்களுடையதாக இருக்கும், அல்லது உங்கள் மகளுடையதாக இருக்கும். தமிழ்நாட்டு அரசு 2001-02-ல் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாமல் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06-ல் அது அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் எல்லாருக்கும் என்று விரிந்தது. அன்றைக்கு அந்தச் சைக்கிளை வாங்கிய பெண்களுக்கு இன்று முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. பள்ளிக்கூடம் முடிகிற வரையில் காற்றாய்ப் பறந்தவர்கள், கழுத்தில் தாலி ஏறியதும் சைக்கிளைவிட்டு இறங்கிவிட்டார்கள். இறங்கு என்று யாரும் உத்தரவு போட்டதாகக்கூடத் தெரியவில்லை. எங்கேயும் போக வேண்டிய காரியம் இல்லை, அவ்வளவுதான்.

வழக்கமில்லாத வழக்கம் என்று தயங்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துக் கற்றுக் கொண்ட பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றுக் கொண்டார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு கொடுத்தார். வயலில் வேலை செய்கிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக் கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் போனபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறி விட்டார்கள்! இன்னும் தூரத்தில் உதாரணம் வேண்டுமானால், அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஆனி லண்டன்டெரி என்று ஒருத்தி இருந்தாள். மூன்று குழந்தைகளுக்குத் தாய். 1894-ல் சைக்கிளோடு உலகத்தைச் சுற்றக் கிளம்பி 1895-ல் திரும்பி வந்தாள். பெரும்பாலான தூரம் கப்பலில் போனாள் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டுமே, கடலில் சைக்கிள் மிதிக்க முடியுமா?

நமக்கு உலகம் வேண்டாம். குறுக்குத்துறை போதும்.

டவுணிலிருந்து கிளம்பும் முதல் சவாரி குறுக்குத்துறைக்குத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. தூரம் இரண்டு மூன்று கிலோமீட்டர். விட்ட பழக்கம் திரும்ப வருவதற்கு அளவான தூரம். காலை ஐந்தரை மணிக்கு ரத வீதியில் இறங்குங்கள். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பரும் காந்திமதி அம்மனும் பரிவாரங்களோடு ஐந்து தேர்களில் வருகிற வீதி அது. பகல் முழுவதும் ஆட்டோவும் தள்ளுவண்டியும் பட்டுப்புடவைக் கூட்டமுமாக மூச்சுத் திணறும் அந்த வீதி, விடியற்காலையில் எவ்வளவு விசாலமானது என்று அப்போதுதான் தெரியும். பெடல் கொஞ்சம் தடுமாறினாலும் பார்த்துச் சிரிக்க ஆள் இருக்காது. நாலு வீதியையும் ஒரு சுற்றுச் சுற்றி, கால் பழகிய பிறகு தெற்கே திரும்புங்கள். (இருட்டுக்கடை அல்வாவை உத்தேசித்து யாராவது கிளம்பினால் ஏமாந்து போவார்கள். அந்தக் கடை திறப்பது சாயங்காலம்.)

கட்டடங்கள் குறைந்து வயல் தெரிய ஆரம்பிக்கும். இந்தப் பக்கத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். தை மாதத்தில் போனால் பிசான நெல் தலை சாய்க்கிற சமயம். கொஞ்ச தூரத்தில் ஆறு வந்துவிடும். ஆற்றுக்குள்ளேயே ஒரு முருகன் கோயிலும் வந்துவிடும்.

குறுக்குத்துறை முருகன் விசித்திரமான குடித்தனக்காரர். வெள்ளம் வரும் என்று தெரிந்தே நட்ட நடு ஆற்றில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் ஏறினால் உற்சவ மூர்த்தியைக் கரையிலிருக்கும் மேலக்கோயிலுக்கு எடுத்து வந்து விடுவார்கள். மூலவர் மட்டும் வெள்ளத்தோடு இருப்பார். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுப் பழையபடி பூஜை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பேய் மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஜங்ஷன் பஸ் நிலையம் குளமாயிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு தண்ணீரின் நடுவே மாட்டிக்கொண்டது. அந்த வெள்ளத்திலும் கோயில் முழுகி, மறுபடி எழுந்தது. கல் சுவரில் கை வைத்துப் பாருங்கள். தலைக்கு மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கும் என்று அண்ணாந்து பார்க்கும்போது வயிற்றில் என்னவோ செய்யும்.

படித்துறையில் உட்கார்ந்து கால் நனைக்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். அதையும் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. ஆற்றில் விட்ட பழந்துணி, பிளாஸ்டிக் பை, சில இடங்களில் சாக்கடை வந்து கலக்கிற கறுப்பு நீர். கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரையில் போய், 2024 நவம்பரில் நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்த்தார்கள். குடத்தோடு பெண்கள் தினம் ஆற்றுக்கு வந்த காலத்தில் ஒருவன் படித்துறையில் குப்பையைக் கொட்டிவிட்டு ஊருக்குள் தலை நிமிர்ந்து நடந்திருக்க முடியுமா? ஆச்சிகள் வாயிலிருந்து தப்பியிருப்பானா? பார்க்கிற கண் இல்லாமல் போனதும் ஆற்றுக்கு வந்த கஷ்டங்களில் ஒன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு வாரம் குறுக்குத்துறை பழகிய பிறகு, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஆற்றைத் தாண்டலாம். டவுண் ஆர்ச்சைத் தாண்டி சுவாமி நெல்லையப்பர் நெடுஞ்சாலையில் போனால் ஈரடுக்கு மேம்பாலம் வரும். 1973-ல் திறந்தது. மேல் தட்டில் பஸ்ஸும் காரும் போகும். இரு சக்கர வண்டிகளுக்குக் கீழ்த் தட்டு. சைக்கிள்காரிக்கு என்று தனியாக ஒரு மாடி ஒதுக்கியிருக்கிற ஊர் வேறு எங்கே இருக்கிறது?

அடுத்தது சுலோசன முதலியார் பாலம். பாலம் இல்லாத காலத்தில் ஜங்ஷன் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகப் படகுதான். வெள்ளக் காலத்தில் அதுவும் ஆபத்து. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலத்தைக் கட்டினார். லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து வரைந்த படம், 11 வளைவுகள், 1843-ல் முடிந்தது. அவருடைய மனைவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். பாலத்துக்கு முதலியார் பெயர் இருக்கிறது. நகை கொடுத்த அம்மாளுக்குப் பாலத்தில் பெயர் இல்லை. சைக்கிளை ஓரமாக நிறுத்தி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அந்த அம்மாளை நினைத்துக் கொள்ளுங்கள். நின்று பார்ப்பதற்கு இடமும் நேரமும் காலையில்தான். எட்டு மணிக்கு மேல் அந்தப் பாலம் சைக்கிளுக்கு ஆகாது.

அக்கரையில் கொக்கிரகுளம், கலெக்டர் அலுவலகம். குழந்தைகள் கூட வந்தால் மாவட்ட அறிவியல் மையத்தைக் காட்டி அவர்களை ஏமாற்றி அழைத்து வரலாம். வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றோரமாகப் பேராத்துச் செல்வி அம்மன் இருக்கிறாள். பெயரிலேயே ஆற்றை வைத்துக் கொண்டிருக்கிற தெய்வம். கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் டவுண் வந்து சேர ஏழரை மணி. இட்லிக்கு அடுப்பு மூட்ட நேரம் சரியாக இருக்கும். அல்லது, ஒரு நாளைக்கு வீட்டு ஆண்பிள்ளைகளே மூட்டட்டும்.

இனி மேற்கே. இது கொஞ்சம் மிதிக்க வேண்டிய பாதை. ஆனால் தாமிரபரணியின் ரகசியம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழும் இந்த ஆற்றுக்கு நீளம் 130 கிலோமீட்டர்கூட இல்லை. காவிரியோடு ஒப்பிட்டால் சின்னக் குழந்தை. அந்தச் சின்ன நீளத்தில் எட்டு அணைக்கட்டுகள். ஏழு பழைய காலத்து அரசர்கள் கட்டியவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தது. ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் கால்வாய் பிரிகிறது. கால்வாய் குளத்தை நிரப்புகிறது. குளம் வயலை நனைக்கிறது.

நயினார்குளத்துக் கரையில் போய் நில்லுங்கள். கொக்கும் நீர்க்காகமும் சில சமயம் கூழைக்கடாவும் இருக்கும். (2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் பறவை ஆர்வலர்கள் இந்த வட்டாரத்துக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டு.) இந்தக் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? திருநெல்வேலிக் கால்வாயிலிருந்து. கால்வாய்? சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து. சரி, அந்தக் கால்வாய் வந்த திசையில் பேட்டை வழியாகச் சுத்தமல்லிக்குப் போய்ப் பாருங்கள். போகப் பத்துக் கிலோமீட்டர் அளவு. தண்ணீர் நம் ஊருக்கு நடந்து வந்த வழியை எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டே போவதில் ஒரு ருசி இருக்கிறது. பஸ்ஸில் போனால் கிடைக்காது. ஸ்கூட்டரில் போனாலும் கிடைக்காது. அதன் சத்தத்துக்கு மடைநீரின் சலசலப்புக் காதில் ஏறாது.

தெம்பு கூடிய பிறகு தென்கரையில் மேலப்பாளையம், கோபாலசமுத்திரம், மேலச்செவல் வழியாகப் பத்தமடைக்குப் போகலாம். ஒரு வழிக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ரிஷிகேசத்தில் ஆசிரமம் அமைத்த சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊர். ஆனால் பெண்களுக்குப் பத்தமடை என்றதும் நினைவு வருவது பாய். கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப் போட்டு, இழை இழையாகக் கிழித்து நெய்கிறார்கள். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். நயமான பட்டுப்பாயைப் புடவை மாதிரி மடித்துக் கைப்பையில் வைத்துக் கொள்ளலாம். கலியாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரையும் நெய்து கொடுப்பார்கள். 1953-ல் எலிஸபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் போயிற்று என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த ராணிக்குப் போன பாயும், நம் வீட்டுத் திண்ணைப் பாயும், ஊறியது ஒரே ஆற்றில்தானே! தண்ணீர் கெட்டால் பாயின் நிறமும் கெடும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு மேலும் ஆசைப்படுகிறவர்களுக்குச் சேரன்மகாதேவி இருக்கிறது. நாதஸ்வரச் சக்கரவர்த்தி அருணாசலத்தின் காருகுறிச்சி இருக்கிறது. அப்பளத்துக்குப் பேர் போன கல்லிடைக்குறிச்சி இருக்கிறது. அம்பாசமுத்திரம் தாண்டிப் பாபநாசம் வரையில் போவது ஒரே நாள் சவாரி அல்ல. அங்கே கல்யாண தீர்த்தத்தில்தான் 1925-ல் வ.வே.சு. ஐயர், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய்த் தம் உயிரை விட்டார். பார்க்கப் போகிறவர்கள் பாறையில் இறங்க வேண்டாம்.

மேற்கே போவதற்குக் காற்றின் குணம் தெரிந்திருப்பது நல்லது. ஆனியிலிருந்து ஆவணி வரையில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கிறதே, அது சைக்கிளை நிறுத்திவிடும். அந்த மாதங்களில் விடியலில் காற்று எழும்புமுன் மேற்கே போய்விடுங்கள். திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்து டவுண் வரையில் தள்ளிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆற்றங்கரைப் பக்கமே போக வேண்டாம். மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரையில்தான் சைக்கிளுக்கு ஏற்ற காலம்.

உடை பற்றிக் கேட்பீர்கள். சுடிதார் உத்தமம். சேலைதான் என்பவர்கள் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, சக்கரத்துக்கு வலையும் சங்கிலிக்கு மூடியும் இருக்கிற லேடீஸ் சைக்கிளாக வைத்துக் கொள்ளுங்கள். பஞ்சர் கடை எட்டு மணிக்கு முன் திறக்காது. ஆகையால் ஒரு காற்றுப் பம்பு கூடவே இருக்கட்டும். தனியாகப் போக வேண்டாம். மைனியையோ அடுத்த வீட்டுப் பெண்ணையோ சேர்த்துக்கொண்டு மூன்று நாலு பேராகப் போங்கள். பழைய படித்துறைக் கூட்டமும் அப்படித்தானே இருந்தது?

கிழக்கே ஒரு பாதை பாக்கி. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனால் கிருஷ்ணாபுரம். நாயக்கர் காலத்துப் பெருமாள் கோயில். ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற குறவனையும், கூடையும் குழந்தையுமாக நிற்கிற குறத்தியையும் கல்லில் பார்க்கலாம். சாலையில் பஸ்களும் லாரிகளும் வேகமாக வரும். ஓரத்தை விடக் கூடாது. இன்னும் போனால் கருங்குளம் மலைக்கோயில், அதற்கப்பால் ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் பரப்பில் தாழி தாழியாக முன்னோர்கள் உறங்கும் மேடு. 1899-ல் தொடங்கி அலெக்சாண்டர் ரீ என்ற துரை தோண்டி எடுத்த பொருள்கள் சென்னை எழும்பூருக்குப் போய்விட்டன. இப்போது தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். 2023 ஆகஸ்டில் அந்த ஏற்பாடு வந்தது.

இதே ஆற்றின் கரையில், தூத்துக்குடிச் சாலையில் இருக்கிறது முறப்பநாடு. ஆறு அங்கே வடக்கே திரும்பி ஓடுவதால் ஸ்நானத்துக்கு விசேஷம். 2023 ஏப்ரலில் அங்கே கிராம நிர்வாக அலுவலராக இருந்த லூர்து பிரான்சிஸ், ஆற்று மணல் திருட்டைப் பற்றிப் புகார் கொடுத்ததற்காக அவருடைய அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டப் பகலில் நடந்தது. கொன்றவர்களுக்கு அதே ஆண்டில் ஆயுள் தண்டனை ஆயிற்று. அந்தப் படித்துறைக்குப் போகிறவர்கள் ஆற்றின் நடுவே குழி விழுந்த இடங்களைப் பார்த்து இறங்குங்கள். மணல் போன இடத்தில் ஆழம் தெரியாது.

ஸ்ரீவைகுண்டம் டவுணிலிருந்து முப்பது கிலோமீட்டர் சுமார். எட்டு அணைக்கட்டில் கடைசி அணைக்கட்டு. கள்ளபிரானைச் சேவித்து, அணையின் மேல் நின்று பார்த்தால், மேற்கே வயலும் வாழையுமாக நீங்கள் வந்த வழி தெரியும். கிழக்கே ஆழ்வார்திருநகரி ஐந்து கிலோமீட்டர் அளவுதான். நம்மாழ்வாரின் புளியமரம் அங்கே இருக்கிறது. கால் வலித்தால் அதை அடுத்த மாதத்துக்கு வைத்துக் கொள்ளலாம்.